கை பரபரக்கும், அதுக்காக அடிச்சுடலாமா?

"திருடன புடிச்சா நாலு சாத்து சாத்துறது மனுஷ இயல்பு தானேண்ணே, அதுல என்ன தப்பு இருக்கு?" இத கேட்டது என் சித்தப்பா பையன். சொந்தத்துல ஒரு கல்யாணம், பந்தி முடிஞ்சு மண்டபத்து வாசல்ல சேர் போட்டு உக்காந்திருந்தப்ப யாரோ ஒரு வீடியோவ காமிச்சாங்க, ஒரு பையன கரண்ட் கம்பத்துல கட்டி வச்சு ஆள் மாத்தி ஆள் அடிக்கிற வீடியோ. பைக் திருட வந்தவனாம். சுத்தி இருந்தவங்கள்ல முக்கால்வாசி பேரு "இவனுங்களுக்கு இதான் சரி"ன்னு சொல்லிட்டு அடுத்த பேச்சுக்கு போயிட்டாங்க. தம்பி யாரையும் கை நீட்டி நான் பாத்ததே இல்ல, தெருநாய்க்கு அடிபட்டா கூட தூக்கிட்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடுற ஆளு. அவனே இப்படி கேட்டது எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு. அந்த சத்தத்துல அவன்கிட்ட கோர்வையா பேச முடியல, அதான் இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளமா தான் போகும்.

மொதல்ல அவன் சொன்னதுல சரியா இருக்கறத ஒத்துக்கிறேன். ஆமா, இயல்பு தான். போலீஸ், கோர்ட்டு, ஜெயிலுன்னு எதுவுமே இல்லாத காலத்துல சின்னச் சின்னக் கூட்டமா வாழ்ந்த மனுஷங்க, அடுத்தவன் ஒழைப்ப தின்னுட்டுப் போறவன கண்டும் காணாம விட்டிருந்தா அந்தக் கூட்டம் ரொம்ப நாள் தாங்கியிருக்காது. ஏமாத்துறவன பாத்தா ரத்தம் கொதிக்கிறது நமக்கு எங்கிருந்தோ ஒட்டிக்கிட்ட கெட்ட பழக்கம்னு நான் நெனைக்கல, அது நம்ம கூடவே வந்தது. 2004ல ஜூரிச் யுனிவர்சிட்டி ஆளுங்க இத வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி சயின்ஸ் பத்திரிகைல போட்டாங்க. ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு பண விளையாட்டு, ஒருத்தர் நம்பி தன் பணத்த குடுத்தா அது எதிராளி கையில பல மடங்கா ஆகும், அவரு நியாயமான ஆளா இருந்தா பாதிய திருப்பிக் குடுப்பாரு, இல்லன்னா மொத்தத்தையும் அமுக்கிடுவாரு. அமுக்குனவருக்கு அபராதம் போட ஏமாந்தவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அந்த நேரத்துல ஏமாந்தவரோட மூளைய ஸ்கேன் பண்ணிப் பாத்தாங்க. சந்தோஷம், பரிசு இதெல்லாம் கெடைக்கறப்ப வேலை செய்யுற பகுதி தான் அங்க சுறுசுறுப்பா இருந்துச்சு. தன் கைக்காச செலவு பண்ணி தான் எதிராளிய தண்டிக்க முடியும்னு வச்சப்பவும் தண்டிச்சாங்க, அந்தப் பகுதி யாருக்கு அதிகமா வேலை செஞ்சுச்சோ அவங்க அதிகமாவே செலவு பண்ணாங்க.

அதாவது தப்பு பண்ணவன தண்டிக்கிறது நமக்கு இனிக்குது. இத யாரும் வெளில சொல்ல மாட்டாங்க, "கடமை", "பாடம் புகட்டணும்", "நாலு பேருக்கு புத்தி வரணும்"னு தான் சொல்லுவாங்க, ஆனா உள்ளுக்குள்ள ஒரு இனிப்பு இருக்கு.

அடுத்து 2006ல லண்டன்ல இன்னொன்னு பண்ணாங்க, நேச்சர் பத்திரிகைல வந்துச்சு, 32 பேர வச்சு பண்ண சின்ன ஆராய்ச்சி தான். மொதல்ல விளையாட்டுல ஒருத்தர் நியாயமாவும் ஒருத்தர் அநியாயமாவும் நடந்துக்குறாங்க. அப்புறம் அந்த ரெண்டு பேருக்கும் கைல வலி வர்ற மாதிரி ஷாக் குடுக்கறப்ப அத பாத்துகிட்டு இருக்கறவங்களோட மூளைய ஸ்கேன் பண்றாங்க. நியாயமான ஆளுக்கு வலிச்சா பாக்குற எல்லாருக்குமே வலிக்குது. அநியாயமான ஆளுக்கு வலிக்கறப்ப, முக்கியமா ஆம்பளைங்களுக்கு அந்த இரக்கம் நல்லாவே கொறஞ்சு போகுது, அதுக்கு பதிலா அந்த சந்தோஷப் பகுதி எட்டிப் பாக்குது. இத படிச்சதுக்கு அப்புறம் தான் அந்த மாதிரி வீடியோல எல்லாம் அடிவாங்குறவன் கும்பிட்டு அழறப்ப சுத்தி நிக்கறவங்க மொகம் ஏன் அப்படி இருக்குன்னு எனக்கு வெளங்குச்சு. அவங்க எல்லாம் கல்நெஞ்சக்காரங்க கெடையாது, வீட்டுல கொழந்தைக்கு ஊசி போட்டா பாக்க முடியாம திரும்பிக்கிற ஆளுங்க தான், அந்த நேரத்துக்கு மட்டும் உள்ள ஒரு சுவிட்ச் ஆஃப் ஆயிடுது.

எங்க ஊர் பஸ் ஸ்டாண்ட்ல நான் நேர்ல பாத்த ஒன்ன சொல்றேன். சாயங்காலம், ஆபீஸ் விட்டு வர்ற கூட்டம், ஒரு காலேஜ் பொண்ணு பஸ் ஏற போறப்ப கைல இருந்த போன புடுங்கிட்டாங்க. புடுங்கினது ரெண்டு பேர், ஒருத்தன் மாட்டிகிட்டான், ஒல்லியா இருந்தான், தண்ணி தொட்டிகிட்ட கால் வழுக்கி விழுந்தவன அப்படியே அமுக்கிட்டாங்க. அவன் திருடன் தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, நானே பாத்தேன். எனக்கும் கை பரபரன்னு தான் வந்துச்சு. அடி ஆரம்பிச்சுது, ஒருத்தர் பெல்ட்ட உருவுனாரு. அப்ப ஒரு டவுன் பஸ் வந்து நின்னுச்சு, அதுலேர்ந்து எறங்குன ஒரு ஆளு, ஐம்பது வயசு இருக்கும், நெத்தில விபூதி, கைல ஜவுளிக்கடை கட்டப்பை. "என்னங்க பிரச்சன"ன்னு பக்கத்துல கேட்டாரு, "திருட்டுப் பய"ன்னு பதில் வந்துச்சு. பைய பெஞ்சு மேல வச்சாரு, அது சரிஞ்சு விழப் பாத்துச்சு, நிமித்தி சுவத்துல சாய்ச்சு வச்சாரு, போனாரு, கீழ கெடந்தவன் முதுகுல ரெண்டு மிதி, தலைல ஒரு அறை. திரும்பி வந்து பைய எடுத்துகிட்டு அடுத்த பஸ்ஸ புடிக்க போயிட்டாரு. மொத்தமே ஒரு நிமிஷம் இருக்காது. அவருக்கு அந்தப் பொண்ணு யாருன்னு தெரியாது, என்ன திருடு போச்சுன்னு தெரியாது, கீழ கெடக்கறவன் தான் எடுத்தானான்னு கூட தெரியாது. "திருட்டுப் பய"ங்கற ஒரு வார்த்தை போதுமா இருந்துச்சு.

இதெல்லாம் நடக்கறப்ப போன பறிகுடுத்த பொண்ணு எங்க இருந்துச்சு தெரியுமா, ஜூஸ் கடை ஓரமா நின்னு அழுதுகிட்டு இருந்துச்சு. "யாராவது என் நம்பருக்கு ஒரு கால் பண்ணுங்களேன்"னு கேட்டுகிட்டே இருந்துச்சு. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. அத்தன பேரும் அந்தப் பொண்ணுக்காக தான் கோவப்பட்டதா நெனச்சுகிட்டு இருந்தாங்க. அந்த நேரம் போனோட ரெண்டாவது ஆளு எவ்வளவு தூரம் போயிருப்பான்!

கடைசில அத நிறுத்துனது பக்கத்துல ஹார்டுவேர் கடை வச்சிருக்கறவரு. அவரு யாருக்கும் புத்தி சொல்லல, நியாயம் பேசல, நேரா வந்து அந்த ஆள சட்டைய புடிச்சு இழுத்துட்டுப் போயி தன் கடைக்குள்ள பெயிண்ட் டப்பா மேல உக்கார வச்சாரு, ஷட்டர பாதி எறக்கிட்டாரு, வாசல்ல நின்னுகிட்டு "போலீசுக்கு சொல்லியாச்சு, வந்துட்டு இருக்காங்க, யாரெல்லாம் சாட்சி சொல்றீங்க, பேரும் நம்பரும் குடுத்துட்டு நில்லுங்க"ன்னு சத்தமா கேட்டாரு. அவ்வளவு தான். அஞ்சு நிமிஷத்துல அந்த எடத்துல ஆள் இல்ல. அப்புறம் அவரு தான் அந்தப் பொண்ண கூப்பிட்டு ஸ்டூல் போட்டு உக்கார வச்சு நம்பர் வாங்கி கால் பண்ணாரு, போன் ஸ்விட்ச் ஆஃப்.

சரி, இயல்புங்கற பேச்சுக்கு வர்றேன். இயல்புங்கறது ஒரு காரணம்னா எல்லாத்துக்கும் அது காரணம் ஆகணும். பஸ்ல ஒரு பொண்ணு மேல உரசிட்டு நிக்கிறவன் கூட "ஆசை இயற்கை தானே"ன்னு தான் சொல்லுவான். ஆசை இயற்கை தான், யாரு இல்லன்னு சொன்னா? ஆசை வர்றதுக்கும் கைய கொண்டு போறதுக்கும் நடுவுல அவன் தடுத்து நிறுத்தியிருக்கணும், நிறுத்தல, அதான் குத்தம். என் தம்பிகிட்ட இத சொன்னா உடனே தலையாட்டுவான், ஏன்னா அவனுக்கு தங்கச்சி இருக்கு. ஆனா இந்தத் தெளிவு நமக்கு ஈசியா வந்துடல. ஒரு காலத்துல இதயே "வயசுக் கோளாறு", "பசங்கன்னா அப்படித்தான்"னு ஊரே சொல்லிகிட்டு இருந்துச்சு, சினிமால ஹீரோவே அத தான் பண்ணிகிட்டு இருந்தாரு. 1998ல சென்னைல ஒரு காலேஜ் பொண்ணு ஈவ் டீசிங்ல உயிரையே விட்டதுக்கு அப்புறம் தான் தமிழ்நாட்டுல அதுக்குன்னு தனி சட்டமே வந்துச்சு. சட்டம் வந்ததும் எல்லாம் மாறிடுச்சுன்னு சொல்ல வரல, ஆனா இன்னைக்கு ஒரு கல்யாண மண்டபத்து வாசல்ல உக்காந்து "உரசுறது இயல்பு தானே"ன்னு சத்தமா சொல்ல யாருக்கும் தைரியம் வராது. அடிக்கறதுக்கு மட்டும் அந்த தைரியம் இன்னும் தாராளமா வருது.

ஏன் வருதுன்னு யோசிச்சுப் பாத்தா, மத்த உந்துதல் எல்லாம் வர்றப்பவே கூட கொஞ்சம் கூச்சத்தையும் கூட்டிட்டு வரும். பொறாமை வந்தா மறைப்போம், பேராசை வந்தா மறைப்போம், அடுத்தவர் வீட்டுப் பொண்ண பாத்து மனசு அலைஞ்சா நமக்கே உள்ள குத்தும். திருடன அடிக்கிற வெறி வர்றப்ப குத்தாது. நாம நல்லவங்கங்கற நெனப்போட சேர்ந்து தான் அது வருது. அடக்கணும்னு தோணாத உந்துதல எப்படி அடக்குறது? அதனால தான் விபூதி பூசுன ஒரு குடும்பஸ்தர் பைய நிமித்தி வச்சுட்டுப் போயி ஒருத்தன் தலைல அறைய முடியுது, அவரு வீட்டுக்குப் போயி இத பெருமையா கூட சொல்லியிருப்பாரு.

இது எங்க வரைக்கும் போகும்னு 2018ல நாம பாத்தோம். அந்த வருஷம் மே 9, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர். சென்னைலேர்ந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்கு கார்ல போறாங்க, வழி கேக்க நிறுத்துறாங்க. கூட வந்த 65 வயசு அம்மா அங்க வெளையாடிட்டு இருந்த கொழந்தைங்களுக்கு சாக்லேட் குடுக்குறாங்க. நம்ம வீட்டுல பாட்டிங்க பண்ணாததா? ஆனா அந்த சமயத்துல புள்ள புடிக்கிற கும்பல் வந்திருக்குன்னு வாட்ஸ்அப்ல ஊர் ஊரா பரவிகிட்டு இருந்துச்சு. சாக்லேட் குடுத்தத பாத்ததும் சந்தேகம், சந்தேகத்துலேர்ந்து கூட்டம், கூட்டம் கார தொரத்திப் போயி அந்த அம்மாவ அடிச்சே கொன்னுடுச்சு, கூட வந்தவங்களுக்கும் பயங்கர காயம். அதே மாசம் பழவேற்காட்டுலயும் இதே சந்தேகத்துல ஒரு ஆள அடிச்சு பாலத்துல தொங்க விட்டாங்க. ஜூலை 1 அன்னைக்கு மகாராஷ்டிராவுல துலே மாவட்டத்துல நாடோடி இனத்தச் சேர்ந்த 5 பேர ஒரே எடத்துல கொன்னாங்க.

அப்ப இந்தியா முழுக்க சுத்துன வீடியோ ஒன்னு உங்களுக்கும் வந்திருக்கும், பைக்ல வந்த ரெண்டு பேர் தெருவுல வெளையாடுற கொழந்தைய தூக்கிட்டுப் போறது. அது எடுத்தது பாகிஸ்தான்ல கராச்சில, கொழந்தைங்கள பத்திரமா பாத்துக்கச் சொல்லி ஒரு தொண்டு அமைப்புக்காக எடுத்த விழிப்புணர்வு வீடியோ. கடைசில அந்த பைக் ஆளு கொழந்தைய திருப்பி கொண்டு வந்து விட்டுட்டு ஒரு அட்டைய தூக்கி காட்டுவான். அந்தக் கடைசி துண்ட மட்டும் வெட்டி எறிஞ்சுட்டு யாரோ சுத்த விட்டாங்க. கொழந்தைய காப்பாத்தணும்ங்கற உணர்ச்சிய விட சுத்தமான உணர்ச்சி எதுவும் இல்ல, பெத்தவங்களுக்கு தெரியும். அத்திமூர்ல கல்லையும் கட்டையையும் எடுத்தவங்க மனசுல ஓடுனதும் அதே தான். அத நெனச்சா தான் எனக்கு இன்னைக்கும் வயித்த கலக்குது.

அதுக்கு அப்புறம் தான் வாட்ஸ்அப் காரங்க இந்தியாவுல ஒரு மெசேஜ ஒரு தடவைக்கு 5 பேருக்கு மேல ஃபார்வர்ட் பண்ண முடியாதுன்னு கொண்டு வந்தாங்க. சுப்ரீம் கோர்ட் 2018 ஜூலை 17ல தீர்ப்பு குடுத்து மாவட்டத்துக்கு ஒரு அதிகாரிய இதுக்குன்னே போடணும்னு சொல்லிச்சு. 2024 ஜூலைல பழைய ஐ.பி.சி. சட்டத்துக்கு பதிலா வந்த புது நியாய சன்ஹிதாவுல, அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ சேர்ந்து சாதி, மொழி, பிறந்த ஊர் மாதிரி காரணத்துக்காக ஒருத்தர கொன்னா ஆயுள் இல்ல மரண தண்டனைன்னு தனிப் பிரிவே இருக்கு.

"அது வதந்திண்ணே, அப்பாவிங்கள அடிச்சது தப்பு தான், நான் கேட்டது நெஜமான திருடன பத்தி"ன்னு தம்பி சொல்லுவான், தெரியும். சரி, நெஜமான திருட்டுக்கே வருவோம். கோயம்புத்தூர தாண்டுனா கேரளாவுல அட்டப்பாடி. 2018 பிப்ரவரி 22. பழங்குடி இளைஞர் ஒருத்தர், மனநிலை சரியில்லாதவரு, காட்டுக்குள்ள குகைல தனியா இருந்தவரு. கடைல அரிசி, சாப்பாட்டு சாமான் திருடுனாருன்னு சொல்லி காட்டுக்குள்ள போயி புடிச்சு, கைய கட்டி, முக்காலிங்கற எடம் வரைக்கும் நடக்க வச்சு, அடிச்சு, கட்டுண்டு நிக்கற அவரு பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்தாங்க. போலீஸ் ஜீப்ல ஆஸ்பத்திரிக்கு கொண்டு போற வழிலயே உயிர் போயிடுச்சு. சாட்சிங்க நெறைய பேர் கோர்ட்டுல பல்டி அடிச்சும் கூட, 2023 ஏப்ரல்ல மண்ணார்க்காடு கோர்ட் 16 பேர்ல 14 பேர் குத்தவாளின்னு சொல்லி 13 பேருக்கு 7 வருஷ கடுங்காவல் குடுத்துச்சு. பசிக்கு அரிசி எடுத்தாருன்னே வச்சுக்குவோம், அதுக்கு என்ன தண்டனை? இப்ப இருக்கற சட்டத்துல 5000 ரூபாய்க்கு கீழ திருடி, மொத தடவ மாட்டி, பொருளையோ அதோட மதிப்பையோ திருப்பிக் குடுத்துட்டா சமூக சேவை தான் தண்டனை. ஆஸ்பத்திரி கூட்டுறது, செடிக்கு தண்ணி ஊத்துறது மாதிரி வேலை. அந்தளவு தப்புக்கு தான் நாம தெருவுல உயிர் போற அடி குடுத்துகிட்டு இருக்கோம்.

செல்ஃபி எடுத்தத எத்தன தடவ நெனச்சாலும் என்னால தாண்டிப் போக முடியல. வெறுப்போட அடிக்கறவன் கூட செல்ஃபி எடுக்க மாட்டான். நாம நல்ல காரியம் பண்றோம்னு நெனக்கறவன் தான் எடுப்பான்.

கூட்டத்துக்குள்ள என்ன நடக்குதுங்கறது நமக்கு புதுசு இல்ல. கோவலன் கதைய எல்லாரும் ராஜா பண்ண தப்பா தான் ஞாபகம் வச்சிருக்கோம், கொலை நடக்குற எடத்த தனியா எடுத்துப் படிச்சுப் பாருங்க. காவலுக்கு வந்தவங்க கோவலன பாத்ததும், இந்த ஆள பாத்தா கொல்லப்பட வேண்டியவனா தெரியலையேன்னு தயங்குறாங்க. பொற்கொல்லன் தான் திருடனுங்க மந்திரம் வச்சிருப்பாங்க, மருந்து வச்சிருப்பாங்க, தந்திரம் தெரிஞ்சவங்கன்னு பாடம் நடத்தறான். கூட இருக்கற ஒரு இளவயசுக்காரன் தனக்கு முன்னாடி நடந்த ஒரு திருட்ட எடுத்து விடறான். என்ன பண்றதுன்னு இன்னும் பேசிகிட்டே இருக்காங்க, அதுக்குள்ள குடிச்சிட்டு இருந்த ஒரு முரடன் வாள வீசிடறான். ஒருத்தன் தூண்டி விடறான், ஒருத்தன் பழைய கதைய சொல்றான், சந்தேகம் இருந்தவங்க வாய மூடிக்கிறாங்க, அவசரக்காரன் கைய ஓங்கறான். இன்னைக்கு வர்ற எந்த வீடியோவ வேணா பாருங்க, இந்த நாலு ஆளும் அதுல இருப்பாங்க. இதுல எனக்கு அதிகமா கவலை அந்த மூணாவது ஆளுங்கள பத்தி தான். எல்லாக் கூட்டத்துலயும் அவங்க தான் அதிகம், அவங்க வாய தொறந்தா பாதி கொலை நடக்காது.

எங்க மாமா ஒருத்தர் ஏட்டா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவருகிட்ட இத பத்தி பேசுனப்ப அவரு பாவ புண்ணியம் எதுவும் பேசல, வேலைய பத்தி தான் பேசுனாரு. "அடிச்சு நொறுக்கி கொண்டாந்து போடுவாங்க மாப்ள, எனக்கு மொத வேலை ஜி.எச். அங்க ஏ.ஆர். போடணும், அதான் காயத்த பதியுற ரெஜிஸ்டர், டாக்டர் எப்படி காயம்னு கேப்பாரு, பப்ளிக் அடிச்சாங்கன்னு எழுதுவாங்க. விலா எலும்பு போயிருந்தா அட்மிஷன், அதுக்கு காவல் ஒரு ஆளு. ரிமாண்டுக்கு கொண்டு போனா மேஜிஸ்ட்ரேட் மொத கேள்வி உன்ன யாரு அடிச்சாங்கன்னு. ராத்திரில உயிர் போயிட்டா லாக்கப் டெத்துன்னு எங்க தலைல தான் விடியும். திருட்டு கேஸ் எங்கயோ போயிடும்." அப்புறம் ஒன்னு சொன்னாரு, அதுக்கு மேல எனக்கு பேச ஒன்னும் இல்லாம போச்சு. "அடிக்க இருபது பேர் வருவான், மகஜர்ல கையெழுத்து போட ஒருத்தன் வரமாட்டான்." மகஜர்னா சாட்சிங்கள வச்சு போலீஸ் எழுதுற பதிவு.

இத ஜூரிச் ஆராய்ச்சியோட சேத்து வச்சு பாத்தப்ப தான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. தண்டிச்சதும் மனசு நெறஞ்சு போகுது. நியாயம் கெடச்சுதா, பொருள் திரும்பி வந்துச்சா, அந்தப் பொண்ணு என்ன ஆச்சு, இது எதுவும் நடக்காமயே நமக்கு அந்த நிறைவு கெடச்சுடுது, வேலை முடிஞ்சுதுன்னு பஸ் ஏறி போயிடறோம். புகார் எழுதணும், சாட்சி சொல்லணும், ஸ்டேஷன்ல உக்காரணும், இதுல எதுலயும் இனிப்பு கெடையாது, அலுப்பு தான். நெஜமான நியாயம் முழுக்க அந்த அலுப்பான வேலைல தான் இருக்கு, நம்ம இயல்பு அந்தப் பக்கம் நம்மள கூட்டிட்டுப் போறதே இல்ல.

"போலீஸ்ல குடுத்தா விட்டுருவாங்க, அதனால தான் அடிக்கிறோம்"னு சொல்றவங்களும் இருக்காங்க. இதுல நெஜம் இல்லாம இல்ல. போன் திருடு போச்சுன்னு போனா "தொலஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்க"ன்னு சொல்ற ஸ்டேஷன் இருக்கு, எஃப்.ஐ.ஆர் போடாம, புகார வாங்கிகிட்டதுக்கு அடையாளமா குடுக்கற சி.எஸ்.ஆர் ரசீதோட அனுப்பி வைக்கிற எடம் இருக்கு, என் சொந்தக்காரங்க சில பேருக்கே அது நடந்திருக்கு. அதுக்கு கோவம் வரணும், கண்டிப்பா வரணும். ஆனா அந்தக் கோவத்த எடுத்துட்டுப் போயி ஸ்டேஷன் வாசல்ல நாலு பேரா நின்னு எஃப்.ஐ.ஆர் போடுங்கன்னு கேக்க நமக்கு தெம்பு வரல, கீழ கெடக்கறவன மிதிக்க மட்டும் வருது. ஸ்டேஷன்ல இருக்கறவருக்கு யூனிஃபார்ம் இருக்கு, கீழ கெடக்கறவனுக்கு யாரும் இல்ல. அதே திருட்ட ஒரு பெரிய மனுஷன் பேங்க் கடன்ல பண்ணா அவரு கார்லேர்ந்து எறங்கறப்ப நாம ஒதுங்கி வழி விடறோம். நம்ம இயல்பான நியாய உணர்ச்சி ஆள் பாத்து தான் வேலை செய்யுது, இதையும் சேத்து தான் அந்த இயல்ப எடை போடணும்.

புடிக்க கூடாதுன்னு யாரும் சொல்லல. கண்ணு முன்னாடி பெரிய குத்தம் பண்றவன பொதுமக்களே புடிச்சு வைக்க சட்டத்துல எடம் இருக்கு, முன்னாடி தாமதம் இல்லாம ஒப்படைக்கணும்னு இருந்துச்சு, இப்ப 6 மணி நேரத்துக்குள்ள போலீஸ்கிட்ட ஒப்படைக்கணும்னு தெளிவாவே போட்டிருக்காங்க. அவன் கத்தி எடுத்தா தடுக்கலாம், திமிறுனா அமுக்கலாம், தேவையான அளவு பலம் காட்டலாம். அவன் அடங்கி உக்காந்ததுக்கு அப்புறம் விழற ஒவ்வொரு அடியும் தனிக் குத்தம். 112க்கு போட்டுட்டு, பொருள பறிகுடுத்தவங்கள கவனிக்கலாம், போன்னா உடனே சிம்ம பிளாக் பண்ண வைக்கலாம், 2023லேர்ந்து அரசோட சஞ்சார் சாத்தி தளத்துல ஐ.எம்.இ.ஐ., அதாவது ஒவ்வொரு போனுக்கும் இருக்கற தனி நம்பர போட்டு நாடு முழுக்க அந்த போன் வேலை செய்யாம நிறுத்த முடியும், பஸ் ஸ்டாண்ட்ல அழுதுகிட்டு நின்ன பொண்ணுக்கு அத சொல்ல கூட அன்னைக்கு ஆள் இல்ல.

சாட்சி சொல்றது சுலபம்னு நான் சொல்ல மாட்டேன். அந்த ஹார்டுவேர் கடைக்காரர் மகஜர்ல கையெழுத்து போட்டாரு. ரொம்ப நாள் கழிச்சு சம்மன் வந்து, கடைய பூட்டிட்டு கோர்ட்டுக்குப் போயி, காலைலேர்ந்து வராண்டால நின்னு, சாயங்காலம் வாய்தான்னு சொல்லி திருப்பி அனுப்பியிருக்காங்க. அடுத்த தடவையும் போயிருக்காரு. புது சட்டத்துல வீடியோ மூலமா சாட்சி சொல்ல வழி வச்சிருக்காங்க, அத பெரிய கேஸுக்கு மட்டும் வச்சுக்காம இந்த மாதிரி சின்ன திருட்டு கேஸுக்கும் கொண்டு வரணும், சாட்சிப் படிய அன்னைக்கே கைல குடுக்கணும், வாய்தான்னா மொத நாளே ஒரு மெசேஜ் அனுப்பணும். ஒரு நாள் வியாபாரத்த விட்டுட்டு வர்ற ஆள வராண்டால நிக்க வச்சா அடுத்த தடவ அவரு ஏன் ஷட்டர எறக்கப் போறாரு?